பெரா ஏரியின் ஊதா மலர்

நீர்வழியின் அடியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடக்கும் ஒரு செடியை ‘அரிய தாவரம்’ என்று கூறினால், கேட்பவர் வியப்படைவர். கூட்டங்கூட்டமாக வளரும் ஒன்று எப்படி அரியதாகும் என்ற கேள்வியும் எழும். பகாங் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ள பெரா ஏரியில் வளரும் ஒரு நீர்த்தாவரம் இக்கேள்விக்கு விடையாக விளங்குகிறது. அதன் அறிவியல் பெயர் கிரிப்டோகோரைன் பர்பூரியா. ‘பர்பூரியா’ என்றால் ஊதா நிறமுடையது என்று பொருள்.

பெரா ஏரியில் இச்செடி செழித்து வளர்கிறது. ஆனால், அந்த ஏரியை விட்டு வெளியே வந்தால், தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியில் ஒரு சில நீர்நிலைகளில் மட்டுமே இது பதிவாகியுள்ளது. இதன் நெருங்கிய உறவு வடிவம் ஒன்று போர்னியோ தீவில் உள்ளது. ஓர் உயிரினத்தின் அருமையை அதன் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அது வாழ்வதற்கு ஏற்ற இடங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருக்கும் இடத்தில் நிறைந்திருந்தாலும், அந்த இடம் ஒன்று கெட்டால் அனைத்தும் கெடும் என்ற நிலையில் உள்ள உயிரினமும் அரியதே.

தேநீர் நிறத்து நீர்

பெரா ஏரி, மலாய்மொழியில் ‘தாசெக் பெரா’ என்று அழைக்கப்படுகிறது. தீபகற்ப மலேசியாவின் இயற்கையான நன்னீர் ஏரிகளுள் இதுவே மிகப் பெரியது. ‘ஏரி’ என்றவுடன் கரைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் ஒரே நீர்ப்பரப்பை மனத்தில் எண்ணிக்கொள்வது வழக்கம். பெரா அத்தகையது அன்று. கிளை கிளையாகப் பிரியும் நீர்வழிகள், கோரைப்புல் படர்ந்த சதுப்புகள், ராசாவ் என்னும் தாழைப் புதர்கள், நீரில் வேரூன்றி நிற்கும் மரங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு நீர்நிலைத் தொகுதியே பெரா. இத்தொகுதி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் உடையது. இதன் நீர் வடக்கு நோக்கி ஓடிப் பகாங் ஆற்றில் கலக்கிறது.

இந்த ஏரிநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால், பால் கலக்காத தேநீரைப்போல் பழுப்பு நிறமாகத் தெரியும். அது அழுக்கன்று. சதுப்புநிலக் காட்டில் உதிரும் இலைகளும் கிளைகளும் நீரில் ஊறும்போது, அவற்றிலுள்ள சாயப்பொருள்கள் மெல்லக் கரைகின்றன. தேயிலை வெந்நீரில் நிறம் விடுவதைப்போன்றே காடு முழுவதும் நீரில் நிறம் விடுகிறது. இதனால் நீர் பழுப்பு நிறமும் சற்றே அமிலத்தன்மையும் பெறுகிறது. செடிகளுக்கு வேண்டிய உப்புச்சத்துகளும் அந்நீரில் குறைவாகவே உள்ளன.

சதுப்பு நிலத்தின் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே, உதிர்ந்த இலைகளும் மரங்களும் முழுமையாக மட்கிப் போவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து, பல நூற்றாண்டுகளில் கரிமண்ணாக மாறுகின்றன. இக்கரிமண் ஒரு பஞ்சைப்போல் செயல்படுகிறது. மழைக்காலத்தில் பெருகி வரும் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. வறண்ட நாள்களில் அந்நீரைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. இதனால் கீழே உள்ள ஊர்களில் வெள்ளத்தின் வேகம் தணிகிறது. கோடையிலும் ஆறு வற்றாமல் ஓடுகிறது.

இத்தகைய நீரிலும் சேற்றிலும் எல்லாச் செடிகளும் வாழ்ந்துவிட முடியாது. அமிலம் மிகுந்த, சத்துக் குறைந்த, நீர்மட்டம் ஏறி இறங்கும் சூழலுக்குப் பழகிக்கொண்ட தாவரங்களே இங்கு நிலைத்துள்ளன. அவற்றுள் ஒன்றுதான் கிரிப்டோகோரைன்.

சேம்பின் உறவினர்

கிரிப்டோகோரைன் என்னும் பெயர் அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும், இதன் குடும்பம் தமிழர் வீடுகளுக்கு நன்கு அறிமுகமானதே. சமையலறையில் உள்ள சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும், வரவேற்பறையில் படரும் மணி பிளாண்ட்டும், திருமண மேடைகளை அணிசெய்யும் அந்தூரியமும் இதன் உறவினர்களே. இவை அனைத்தும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கிரிப்டோகோரைன் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியா, இலங்கை தொடங்கி, மலேசியா, இந்தோனேசியா வழியாக நியூகினித் தீவு வரை இவை பரவியுள்ளன. மலேசியக் கடைகளில் மீன்தொட்டிச் செடியாக விற்கப்படும் கிரிப்டோகோரைன் வெண்டியை, இலங்கையைத் தாயகமாகக் கொண்டது. தென்னிந்தியாவில் வளரும் மற்றோர் இனத்தைத் தமிழ் மருத்துவர்கள் ‘நாட்டு அதிவிடயம்’ என்ற பெயரால் அறிந்திருந்தனர். அதன் வேர்த்தண்டை மருந்தாகவும் பயன்படுத்தினர். அதே செடியை 1779ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் ரெட்சியஸ் அறிவியல் முறைப்படி விவரித்தார்.

பெரா ஏரியின் கிரிப்டோகோரைன் பர்பூரியா சேற்றில் வேரூன்றி, நீருக்கடியில் இலைகளை விரிக்கிறது. இலைகள் முட்டை வடிவமானவை. அவற்றின் அடிப்பகுதி இதயத்தைப்போல் சற்று உள்வாங்கியிருக்கும். நீர் ஆழமாக இருக்கும்போது இலைக்காம்புகள் நீண்டு வளரும். நீர் வற்றும்போது செடி குட்டையாகிவிடும். இவ்வாறு நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு.

ஒளிந்திருக்கும் பூக்கள்

இச்செடியின் உண்மையான சிறப்பு அதன் மலரில் உள்ளது. கிரேக்கமொழியில் ‘கிரிப்டோஸ்’ என்றால் மறைந்தது. ‘கோரைன்’ என்றால் தண்டாயுதம். பூக்களைத் தாங்கும் கதிர், தண்டாயுதம் போன்ற வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது.

தென்னம்பாளையை அறிந்தோர்க்கு இதன் அமைப்பை விளக்குவது எளிது. தென்னையின் பூக்களை ஒரு பாளை மூடிக் காப்பதைப்போல், இச்செடியின் பூக்களையும் ஒரு பாளை மூடியுள்ளது. ஆனால், இந்தப் பாளை விரிந்து பிரிவதில்லை. அது சுருண்டு ஒரு நீண்ட குழாயாக மாறுகிறது. குழாயின் அடிப்பகுதி சேற்றுக்கு அருகில் சிறு குடுவைபோல் பருத்திருக்கும். அந்தக் குடுவைக்குள்தான் பூக்கள் உள்ளன. குழாயின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து, ஊதாச் சிவப்பு நிறத்தில் ஊதுகொம்பின் வாயைப்போல் விரிகிறது. பார்ப்பவர் ‘மலர்’ என்று கருதுவது இந்த விரிந்த நுனியையே. நீர் தாழ்ந்திருக்கும் காலத்தில்தான் இச்செடிகள் பெரும்பாலும் பூக்கின்றன. அப்போதுதான் குழாயின் நுனி காற்றைத் தொட முடியும்.

விரிந்த நுனியிலிருந்து வெளிப்படும் வாடை சிறு ஈக்களையும் பூச்சிகளையும் கவர்ந்திழுக்கிறது. உள்ளே நுழையும் பூச்சி, வழுக்கும் சுவரில் சறுக்கிக் குழாய் வழியே அடியிலுள்ள குடுவைக்குள் விழுகிறது. அங்கே கதிரின் அடியில் பெண்பூக்களும் அவற்றுக்கு மேலே ஆண்பூக்களும் உள்ளன. பூச்சி நுழையும் வேளையில் பெண்பூக்களே முதிர்ந்திருக்கும். வேறொரு செடியிலிருந்து பூச்சி சுமந்து வந்த மகரந்தம் அப்பூக்களில் ஒட்டிக்கொள்கிறது. பூச்சியால் உடனே வெளியேற முடிவதில்லை. பின்னர் ஆண்பூக்கள் முதிர்ந்து மகரந்தத்தை வெளியிடுகின்றன. அது பூச்சியின் உடலில் படிந்த பிறகே வழி திறக்கிறது. விடுதலை பெற்ற பூச்சி அடுத்த மலரை நாடிச் செல்கிறது.

இவ்வாறு, பூச்சிக்குத் தீங்கு செய்யாமல் அதனைச் சிறிது நேரம் சிறைப்படுத்தித் தன் பணியை முடித்துக்கொள்கிறது கிரிப்டோகோரைன். தன் மகரந்தம் தன்னிலேயே சேராமல், மற்றொரு செடியின் மகரந்தம் வந்து சேர்வதற்கான ஏற்பாடு இது.

விதையில்லாத வாழ்வு

இத்தனை நுட்பமான மலர் இருந்தும், பெரா ஏரியின் ஊதா மலர் பொதுவாக விதை தருவதில்லை. அதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது.

கிரிப்டோகோரைன் பர்பூரியா ஒரு தனி இனமென்று நீண்ட காலம் கருதப்பட்டது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், அது இரண்டு இனங்கள் இயற்கையாகவே கலந்து பிறந்த கலப்பினம் என்பதைக் காட்டின. பெற்றோருள் ஒன்று, மஞ்சள் சாயல் கொண்ட மலரையுடைய கிரிப்டோகோரைன் கோர்டேட்டா. மற்றொன்று, சொரசொரப்பான கருஞ்சிவப்பு மலரையுடைய கிரிப்டோகோரைன் கிரிஃபித்தியை. இவ்விரண்டின் பண்புகளும் ஊதா மலரில் கலந்து காணப்படுகின்றன.

இவ்விரு பெற்றோரின் வரலாற்றிலும் வில்லியம் கிரிஃபித் என்ற தாவரவியலாருக்குப் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1832இல் சென்னைக்கு வந்த அவர், பர்மா, அசாம், பூட்டான், ஆப்கானித்தான் என ஆசியாவின் பல பகுதிகளில் தாவரங்களைத் தேடித் திரிந்தார். இறுதியில் மலாக்காவில் பணியாற்றியபோது, 1845இல் தமது 34ஆம் வயதில் காலமானார். கோர்டேட்டா இனத்துக்குப் பெயரிட்டவர் அவரே. அவருடைய குறிப்புகள் அவர் மறைந்த பிறகே அச்சேறின. மற்றோர் இனத்துக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.

குதிரையும் கழுதையும் கலந்து பிறக்கும் கோவேறு கழுதை வலிமை மிக்கது. ஆனால், அதற்குக் குட்டிகள் பிறப்பதில்லை. தாவரக் கலப்பினங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. ஊதா மலரின் மகரந்தத் துகள்கள் மலட்டுத்தன்மை உடையவை. பூச்சி வருகிறது, சிறைப்படுகிறது, மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. எனினும், அந்த மகரந்தத்தால் விதை உண்டாவதில்லை.

அப்படியானால் இச்செடி எவ்வாறு நீர்வழிகளை நிறைத்தது? வாழையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். இன்று உண்ணப்படும் வாழை வகைகள் பலவும் இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பில் தோன்றியவை. அவற்றுக்கும் விதையில்லை. தாய்மரத்தின் அடியிலிருந்து கன்று தோன்றி, அதுவே அடுத்த மரமாகிறது. ‘வாழையடி வாழை’ என்ற வழக்கு இதனால் பிறந்தது. அதுபோலவே ஊதா மலர்ச்செடியும் சேற்றுக்குள் ஓடுதண்டுகளை நீட்டுகிறது. தண்டின் நுனியில் புதிய செடி முளைக்கிறது. வெள்ளம் பெருகும்போது வேர்த்தண்டின் துண்டுகள் அறுந்து, நீரோடு சென்று, வேறோர் இடத்தில் வேரூன்றுகின்றன. வாழைக்கன்றை எடுத்து நடுவது மனிதனின் கை. இச்செடியை எடுத்து நடுவது வெள்ளத்தின் கை.

இம்முறையில் ஒரு வலிமையும் ஒரு பலவீனமும் உள்ளன. ஏற்ற இடம் கிடைத்தால், பூச்சியின் உதவியை எதிர்பாராமல் விரைவாகப் பரவ முடியும் என்பது வலிமை. இவ்வாறு பரவும் செடிகள் தாய்ச்செடியின் நகல்களாகவே இருக்கும் என்பது பலவீனம். விதையிலிருந்து முளைக்கும் செடிகள் ஒன்றுக்கொன்று சிறிதளவு வேறுபட்டிருக்கும். ஒரு நோய் பரவினால் சில மடியும், சில தப்பும். நகல்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ‘குரோஸ் மிஷேல்’ என்ற வாழை ஒரு காலத்தில் உலகச் சந்தையையே ஆண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் அதன் தோட்டங்களை நாடு நாடாக அழித்தது. ஒன்றுக்கு வந்த துன்பம் எல்லாவற்றுக்கும் வந்தது. ஊதா மலரும் அத்தகைய நிலையில்தான் உள்ளது.

பெயரிட்டவரும் பெருகிய தோட்டங்களும்

இச்செடிக்கு 1904இல் ‘பர்பூரியா’ எனப் பெயரிட்டவர் ஹென்றி ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக விளங்கிய அவர், மலாயாவின் காடுகளில் நடந்து திரிந்து ஏராளமான தாவரங்களைப் பதிவு செய்தவர். ஆயினும், வரலாறு அவரை வேறொரு காரணத்துக்காகவே பெரிதும் நினைவுகூர்கிறது. பிரேசிலிலிருந்து வந்த இரப்பர் மரத்தை மலாயாவில் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். மரத்துக்குக் கேடு நேராமல் பால் வெட்டும் முறையையும் வகுத்துக் காட்டினார். அவருடைய ஆர்வத்தைக் கண்டோர் அவரைப் ‘பித்தர் ரிட்லி’ என்றே கேலியாக அழைத்தனர்.

அந்த இரப்பர்தான் மலாயாவின் பொருளாதாரத்தை வளர்த்தது. அதன் தோட்டங்களில் பால் வெட்டுவதற்காகவே தமிழர்கள் பெருந்தொகையில் இங்கு வந்தனர். இன்றைய மலேசியத் தமிழர் பலரின் குடும்ப வரலாறு ஓர் இரப்பர்த் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அதே வேளையில், இரப்பருக்காகவும் பின்னர் செம்பனைக்காகவும் தாழ்நிலக் காடுகள் பரந்த அளவில் அழிக்கப்பட்டன. சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்டது. ஊதா மலருக்குப் பெயர் தந்தவரே, அது வாழும் காடுகள் சுருங்குவதற்கு வழிவகுத்த பயிரையும் பரப்பினார். இதில் எவரையும் குற்றம் கூறுவது எளிதன்று. அந்தப் பயிர் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு பகுதியைக் காடுகள் கொடுத்தன என்பதை உணர்வதே தேவையானது.

ஏரியை அறிந்த மக்கள்

பெரா ஏரியின் கரைகளில் செமெலாய் பூர்வக்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் நீர்வழிகளைக் கடந்து மீன் பிடிப்பது அவர்களின் வழக்கம். கெருயிங் மரத்தில் துளையிட்டு, அதில் ஊறும் பிசின் எண்ணெயைச் சேகரிப்பதும் அவர்களின் மரபுத் தொழில்களுள் ஒன்று. மரத்தை வெட்டிச் சாய்க்காமல் ஆண்டுக்கணக்கில் பயன்பெறும் முறை இது. நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும், எந்த மீன் எந்தப் புதரடியில் ஒதுங்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்துள்ளனர்.

1994ஆம் ஆண்டில் பெரா ஏரி மலேசியாவின் முதல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான அனைத்துலக உடன்படிக்கையின் கீழ், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கு இத்தகுதி வழங்கப்படுகிறது. பிப்ரவரி 2ஆம் நாள் உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுவதற்கும் இதுவே காரணம். மலேசியாவில் இந்த மதிப்பை முதன்முதலில் பெற்ற இடம், புகழ்பெற்ற கடற்கரையோ உயர்ந்த மலையோ அன்று. சேறும் கோரையும் பழுப்பு நீரும் நிறைந்த ஒரு சதுப்பு நிலம்.

நீர் மாறினால்

ஏரியைச் சுற்றிக் கோடு வரைந்து ‘காப்பகம்’ என அறிவிப்பது முதற்படி மட்டுமே. நீருக்கு எல்லைக்கோடு தெரியாது. காப்பகத்துக்கு வெளியே உள்ள தோட்டங்களில் மண் அரிக்கப்பட்டால் அது ஓடைகள் வழியாக ஏரியில் வந்து படியும். அங்கே இடப்படும் உரமும் மழைநீரில் கரைந்து வந்து சேரும். சத்துக் குறைந்த நீரில் வாழப் பழகிய செடிகளுக்கு இந்தத் திடீர் வளம் நன்மை தருவதில்லை. வேகமாக வளரும் பிற களைகளும் பாசிகளும் பெருகி ஒளியை மறைத்துவிடுகின்றன.

இவ்வாறு நிகழக்கூடும் என்பதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பகாங் மாநிலத்திலேயே உள்ள சினி ஏரி, தாமரை மலர்களுக்குப் பெயர் பெற்றது. 1990களில் அதன் நீர் வெளியேறும் ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. ஆண்டு முழுவதும் ஏரியில் நீர் நிறைந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால், ஏறி இறங்கும் நீருக்குப் பழகியிருந்த கரையோர மரங்கள் தொடர்ந்து நீரில் மூழ்கிப் பட்டுப்போயின. பின்னர் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த காபோம்பா என்னும் நீர்க்களை அங்கே பெருகியது. அது மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் செடி. நீர் குறைவதால் மட்டும் ஏரி கெடுவதில்லை. நீர் தன் இயல்பை இழந்தாலும் கெடும் என்பதைச் சினி ஏரி உணர்த்துகிறது.

கிரிப்டோகோரைன் செடிகள் நீரின் மாற்றத்தை மிக விரைவாக உணர்பவை. மீன்தொட்டியில் இவற்றை வளர்ப்போர் இதனை நன்கு அறிவர். நீரின் தன்மையோ ஒளியோ திடீரென மாறினால், சில நாள்களுக்குள் இலைகள் அனைத்தும் கூழாகிக் கரைந்துவிடும். செடி இறந்துவிட்டது எனப் பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவர். ஆனால், சேற்றுக்குள் வேர்த்தண்டு உயிரோடிருக்கும். நிலைமை சீரானால் மீண்டும் தளிர்க்கும். சீராகாவிட்டால் அந்த வேர்த்தண்டும் அழுகிப்போகும். ஆறு மாதம் பொறுத்திருக்கும் செடியால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க முடியாது.

எதைக் காப்பது?

அழியும் நிலையிலுள்ள தாவரங்களைக் காக்கப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானது விதை வங்கி. விதைகளை உலர்த்தி, குளிர்ந்த அறையில் பல ஆண்டுகள் பாதுகாத்து, வேண்டும்போது முளைக்க வைக்கலாம். விதையே தராத ஊதா மலருக்கு இந்த வழி பயன்படாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியல், எந்தெந்த இனங்கள் ஆபத்தில் உள்ளன என்பதை உலகுக்கு அறிவிக்கிறது. ஆனால், அப்பட்டியல் பொதுவாகக் கலப்பினங்களை மதிப்பிடுவதில்லை. ஆகவே, இத்தகைய செடி ஒன்று குறைந்து வந்தாலும் உலகின் கவனத்துக்கு அது எளிதில் வருவதில்லை.

மீன்தொட்டிகளிலும் பூங்காக்களிலும் வளர்த்துக் காப்பாற்றலாமே என்ற எண்ணம் எழலாம். அது ஓரளவுக்கு உதவும். சில செடிகள் அவ்வாறு உயிரோடிருக்கக்கூடும். ஆனால், தொட்டியில் உள்ள செடி வெள்ளத்தில் துண்டாகிப் பயணம் செய்வதில்லை. பூச்சிகளைச் சிறைப்படுத்தி விடுவிப்பதில்லை. தன் இலைகளுக்கடியில் ஏரியின் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம் தருவதில்லை. மேலும், இக்கலப்பினம் தோன்றுவதற்கு இரு பெற்றோர் இனங்களும் பூச்சிகளும் பொருந்திய காலமும் ஒருசேர அமைய வேண்டியிருந்தது. காட்டில் இவை இருக்கும்வரை இயற்கை புதிய கலப்புகளைத் தொடர்ந்து உருவாக்கும். காடு அழிந்தால், இருப்பதைத் தொட்டியில் காக்கலாம். இனி வரக்கூடியதைக் காக்க முடியாது.

சிங்கப்பூரிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தில் வளரும் ஒரு கிரிப்டோகோரைன், உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத கலப்பினம் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2001இல் அதற்கு ‘தீமாஹென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த நகரின் நடுவே, காடு காக்கப்பட்டதால் அதன் நீரோடையும் தப்பியது; நீரோடை தப்பியதால் அச்செடியும் தப்பியது. அச்செடி அங்கே இருப்பதை அறியாமலேயே காட்டைக் காத்தவர்கள் அதனையும் காத்துவிட்டனர்.

பெரா ஏரிக்கும் இதுவே பொருந்தும். ஊதா மலரைக் காக்கத் தனிவேலி தேவையில்லை. ஓடைக்கரைகளில் மரங்களை விட்டுவைப்பதும், மண்ணும் உரமும் நீரில் கலக்காமல் தடுப்பதும், நீர் தன் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்க விடுவதும் போதும். வீட்டு மீன்தொட்டியில் வேண்டாத செடிகளை ஆற்றிலோ ஏரியிலோ கொட்டாதிருப்பதும், சதுப்பு நிலங்களுக்குச் செல்லும்போது செடிகளைப் பறிக்காதிருப்பதும் மாணவர்களும் செய்யக்கூடியவையே.

ஆண்டுதோறும் நீர் தாழும் காலத்தில், பழுப்பு நீருக்கு மேலே சின்னஞ்சிறு ஊதாக் குழல்கள் தலைநீட்டுகின்றன. அவற்றால் விதை உண்டாவதில்லை. அவற்றின் அடியில், சேற்றுக்குள் ஓடும் மெல்லிய தண்டுகளே அச்செடியின் நாளையைச் சுமக்கின்றன. அந்தச் சேறு ஈரமாக இருக்கும்வரை, அந்த நீர் தேநீர் நிறமாக இருக்கும்வரை, பெரா ஏரியின் ஊதா மலருக்கு நாளை உண்டு.